வளையமும் புள்ளியும்

அக்கா,

இன்று காலை பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கோழியை அடை வைத்துவிட்டு வந்து கை கழுவினேன். இரண்டு தடவை சோப்புப் போட்டும் வாசம் போகவில்லை. வேப்பிலையும் சாம்பலும் அடைக்கோழியின் வயிற்றுச் சூடும் கலந்த அந்த வாசம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் சேலையில் ஒரு காலத்தில் எந்நேரமும் அதுதான் அடிக்கும். கையை மூக்கருகே வைத்துக்கொண்டு குழாயடியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. நீங்கள் இருந்தபோது சொல்லாமல் விட்ட ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எழுதியாவது வைத்துவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், நான் வடகரப்பதிக்கு வாக்கப்பட்டு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். எனக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. என் மாமியார் கெட்டவர் இல்லை, ஆனால் யார் எதைச் சொன்னாலும் காதில் வாங்கிக்கொள்வார். வேலந்தாவளம் பக்கம் சொந்தத்தில் ஒரு பெண் இருக்கிறது, மகனுக்கு அதையும் கட்டி வைத்தால் என்ன என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். வீட்டில் யாரும் அதை என்னிடம் சொல்லவில்லை. நான் வரும்போது பேச்சு நின்றுபோவதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

அடை வைக்கிற கை என்று ஒன்று உண்டு நம் பக்கத்தில். எல்லாருடைய கையிலும் பொரிக்காது என்பார்கள். கைராசிக்காரியைக் கூப்பிட்டுத்தான் முட்டையை வைக்கச் சொல்வார்கள். அந்த வரிசைத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் அந்தக் கை உங்களுடையது. எங்கள் வீட்டில் நான் முட்டைக் கூடையைத் தொட்டாலே மாமியார் முகம் மாறும். எனக்கோ பிடிவாதம். நானும் ஒரு ஈடு குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டாமல் விடுவதில்லை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் மிருகாசுபத்திரிக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர், அங்கே யாரிடமோ இரண்டு வெள்ளைக் கோழிகளை வாங்கிவந்தார். தினம் ஒரு முட்டை இட்டன. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தவிட்டு அறையின் இருட்டு மூலையில் கூடை வைத்து, மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, முட்டைகளை எடுக்காமல் விட்டேன். போதாதென்று ஆற்றிலிருந்து பொறுக்கிய வெள்ளைக் கூழாங்கல் நாலைந்தையும் சேர்த்து வைத்தேன். முட்டை குவிந்திருப்பதைப் பார்த்தால் கோழிக்கு உட்கார ஆசை வரும் என்று என் அம்மா வீட்டில் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் ஆயிற்று. இரண்டும் வரும், இடும், எழுந்து போகும். பிடித்து உட்கார வைத்தால் கையைக் கொத்தும். மாமியார் வாசலில் நின்று, "கோழிகூட இவ கையில அடங்கி உக்கார மாட்டீங்குது" என்று யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது.

அன்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அழுதேன். நீங்கள் வந்து தவிட்டு அறைக் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"அம்மிணி, இந்த வெள்ளக்கோழி ஏழு சென்மத்துக்கும் அடை உக்காராது. முட்டையப் போட்டமா, போனமான்னு இருக்கற ரகம் அது. அதுங்கிட்டப் போயி கல்லு வெச்சு ஏமாத்தப் பாக்கறயே, உன்ன என்ன சொல்றது!"

எனக்கு ஆத்திரம் வந்தது. நீங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஏதோ யோசித்தீர்கள். உங்கள் வீட்டில் அப்போது இரண்டு நாட்டுக்கோழிகள் அடை உட்காரத் துடித்துக் கேறிக்கொண்டிருந்தன. கிட்டே போனால் இறகைச் சிலிர்த்து உப்பிக்கொள்ளும். மறுநாள் அதில் கறுப்பியைக் கூடையோடு, மேலே துணி போட்டு மூடி, அசங்காமல் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டீர்கள்.

"ஏனுங்கத்தை, என்ற ஊட்டுல கீரித் தொந்தரவு தாங்கல. ஒண்ணு இங்க இருக்கட்டுமுங்க. உங்க மருமவளையே முட்டை வெக்கச் சொல்லுங்க."

"அவ கையிலயா? பொரிக்கலீன்னா?"

"பொரிச்சா?"

மாமியார் துணியை விலக்கிக் கறுப்பியைப் பார்த்தார். பிறகு, "சரி. பொரிச்சா சாமி வழி காட்டுச்சுன்னு எடுத்துக்கறேன். பொரிக்கலீன்னாலும் அப்படித்தான்" என்றார். எதைப் பற்றிச் சொல்கிறார் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

பதினொரு நாட்டுக்கோழி முட்டை. வேறு கோழி நடுவில் புகுந்து இட்டுவிட்டால் அடையாளம் தெரிவதற்காக, அடுப்புக்கரியால் ஒவ்வொன்றின் நடுவிலும் நான் ஒரு வளையம் போட்டேன். நீங்கள் வளையம் போட மாட்டீர்கள். உங்கள் பழக்கம் கூர்முனையில் ஒரு புள்ளி. இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுவிடுமோ என்று பயந்து ஓர் ஆணியும் நாலு மிளகாயும் கூடையில் போட்டோம். அதே நாளில் உங்கள் வீட்டில் இன்னொரு கோழிக்குக் கீழே பதினொரு முட்டை வைத்தீர்கள்.

பன்னிரண்டாம் நாள் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வேர்க்கிறது. தினமும் ஒரு தடவை கறுப்பி இரை எடுக்க எழுந்து வெளியே போகும், சாம்பலில் புரளும், திரும்பி வரும். அன்று அது வெளியே போன சமயம், பூனை வந்துவிடக் கூடாது என்று அறைக் கதவைச் சாத்தினேன். என் வீட்டுக்காரர் சந்தைக்குக் கிளம்பி நின்று அவசரப்படுத்தினார். சாத்திய கதவை மறந்து நானும் கூடப் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பிவந்தபோது கறுப்பி கதவடியில் அலைந்து கத்திக்கொண்டிருந்தது. முட்டைகள் பானைத் தண்ணீர்போலச் சில்லென்று கிடந்தன.

வேலிக்கு ஓடிவந்தேன். நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

"அத்தை பாத்தாங்களா?"

"இல்லீங்க்கா. காட்டுல கடலைக்காய் பறிக்கறாங்க."

"அப்பொ உனக்கும் கோழிக்குந்தான் தெரியும். கோழி சொல்லாது. நீயும் வாய மூடிட்டுப் போ."

பதினெட்டாம் நாள் காலையில் ஒரு கூடைத் தவிட்டோடு வந்தீர்கள். கோழிக்கு என்றீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்போம், உயிர் இருந்தால் ஆடும் என்றீர்கள். எனக்கு அங்கே நிற்கவே தைரியம் இல்லை. நல்ல கொழுந்தாக வேப்பிலை ஒடித்துவா என்று என்னைக் கிணற்றடிக்கு அனுப்பினீர்கள். திரும்பி வந்தபோது முட்டைகள் கோழிக்கு அடியில் இருந்தன. நீங்கள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "எல்லாமே நீச்சலடிக்குது போ" என்றீர்கள். தவிட்டுக் கூடையைத் திரும்ப இடுப்பில் வைத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். கொண்டுவந்த தவிடு அப்படியே இருந்தது. ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பதினொரு முட்டையில் பத்துக் குஞ்சு. மாமியார் கூடையருகில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சாப்பிட்டயா?" என்று கேட்டார். அவர் என்னிடம் அப்படிக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. வேலந்தாவளத்துப் பேச்சு அதோடு நின்றது.

ஓடுகளைக் கூட்டி அள்ளியது நான்தான். குஞ்சு மொட்டைப் பக்கத்தைத்தான் உடைத்துக்கொண்டு வரும், கூர்ப்பக்கம் முழுசாகக் கிடக்கும். எல்லா ஓட்டிலும் வளையம் இருந்தது. ஆறில் வளையத்தோடு கூர்முனையில் ஒரு புள்ளியும் இருந்தது. தவிட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்த உங்கள் முட்டைகளில் என் வளையத்தைப் போட்ட நீங்கள், அவசரத்தில் புள்ளியை அழிக்க மறந்துவிட்டீர்கள், அக்கா. நான் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். யாரும் வருவதற்குள் எல்லாவற்றையும் நொறுக்கி எருக்குழியில் புதைத்தேன்.

உங்கள் வீட்டில் அந்த ஈட்டில் வந்தது நான்கே குஞ்சு. மீதியெல்லாம் கூமுட்டை. அதில் ஆறு என்னுடையது. "அவளுக்குக் கை பொய்ச்சுப் போச்சு, ராசி வேலி தாண்டிருச்சு" என்று எல்லாரும் பேசினார்கள். உங்கள் காதுபடவே பேசினார்கள். நீங்கள், "எனக்கும் வேலை மிச்சமாச்சு" என்று சிரித்தீர்கள். அதன்பிறகு அடை வைக்க உங்களை யாரும் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். அடுத்த ஈட்டுக்கு உங்கள் வீட்டுக் கோழிக்கே, "நீயே வந்து வெய்யி அம்மிணி" என்று என்னைத்தான் அழைத்தீர்கள். வந்து வைத்தேன். உங்கள் முகத்தைப் பார்க்காமல் வைத்தேன்.

மூன்று வருடம் கழித்து எனக்கு மகன் பிறந்தான். கோழிக்கும் அதற்கும் ஒன்றும் சம்பந்தமில்லை என்று நீங்களே சொல்வீர்கள். ஆனால் அந்த மூன்று வருடம் நான் அந்த வீட்டில் மரியாதையோடு இருந்தேன். அது நீங்கள் கொடுத்தது. உங்களுக்கு எத்தனையோ தடவை நன்றி சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் எனக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அதற்கப்புறம் இருவரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று எப்படிச் சகஜமாகப் பேசுவது? இதை ஒரு சாக்காகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், கைராசிக்காரி என்ற பெயர் எனக்குப் பிடித்தும் போயிருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உங்கள் காரியத்தன்று எல்லாரும் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். உங்கள் குணத்தை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். உங்கள் மகள் அழுகைக்கு நடுவில் சிரித்தாள். "எங்கம்மாளுக்கு எல்லாம் வரும். கோழி வெக்கற கை மட்டும் ஆகாதுங்க, இல்லீங் சின்னம்மா?"

என்னால் அதற்குமேல் முடியவில்லை. கதவைச் சாத்தியதிலிருந்து எருக்குழியில் புதைத்ததுவரை, அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். "ஆறு முட்டையைச் சாகடிச்ச கைதான் என்ற கை. ராசியெல்லாம் உங்கம்மாளுது" என்றேன்.

"அம்மா ஏனுங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லல?" என்று உங்கள் மகள் கேட்டாள்.

"சொல்லியிருந்தா நான் இந்த ஊர்லயே இருந்திருக்க மாட்டேன், கண்ணு."

இனி யாரும் என்னை அடை வைக்கக் கூப்பிட மாட்டார்கள், அதுதான் நியாயம் என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன். உங்கள் மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். தன் இரண்டு கைக்கும் நடுவில் அதை வைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா குடுத்த கைதானுங்களே இது. இனியும் நீங்களே வந்து வெய்யுங்க, சின்னம்மா."