மரைக்கார் கையிலிருக்கும் திறப்பு

கல்முனை
7.7.56

என் மகள் சுபைறாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வீட்டுக் கோழிகளும் அல்லாஹ்வின் காவலில் சுகம், கொழும்பில் உன் சுகத்துக்கும் படிப்புக்கும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். உன் மாமாவுக்குத்தான் நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லையாம், அந்தச் சந்தோசத்தைச் சொல்லவே இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய ராணிமார் சரித்திரத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். எகிப்தை ஆண்டவளும் கெட்டிக்காரிதான், ஆனால் என் மனத்தில் ஏறி உட்கார்ந்தவள் டில்லி றஸியா. தகப்பன் அவளுக்கென்று சொல்லிவிட்டுப்போன சிம்மாசனத்தில் சகோதரன் ஏறிக்கொண்டான், அவள் அழுதுகொண்டு கிடக்கவில்லை, அநியாயம் பட்டவர் உடுக்கும் சிவப்பு நிறத்துணியை உடுத்து, வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கூடிய சனத்திடம் நியாயம் கேட்டாளாம். வாசித்ததும் எனக்கு உன் மாமா, என் கூடப்பிறந்த கச்சிமுகம்மதுக் காக்காவின் முகம்தான் தெரிந்தது. எங்கள் உம்மா எனக்குத் தந்து, நான் உனக்கென்று வைத்திருக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பூட்டின் திறப்பை வாங்கியவர், தன் மகள் அஸீஸாவுக்குச் சீதனமாகப் பேசிவிட்டார். அவளுக்கு அவள் உம்மா வழியில் வீடிருக்கிறது, அது இவருக்குக் காணாதாம். கேட்டதற்கு, 'படிக்கப்போன புள்ளைக்கு வீடு என்னத்துக்கு, பொம்புள வழி எண்டதெல்லாம் பழைய கதை' என்றார். அந்தச் சொல்லை நாலு மாசம் நெஞ்சில் வைத்து வளர்த்தேன் மகள்.

நேற்று வெள்ளைப் புடவையைக் கழற்றிவிட்டு, உன் வாப்பா மௌத்தாகி நான் கைம்பெண்ணானபின் தொடாத கலியாணச் சிவப்புப் புடவையை உடுத்து, ஜும்மா முடியும் நேரம் பள்ளி வாசலில் போய் நின்றேன். தொழுதுவிட்டு வந்த சனம் என்னைச் சுற்றிக் கூடியது. எங்கள் குடிக்குத் தலைவர், பள்ளி மரைக்கார் என்ற மிடுக்கோடு காக்கா முன்னுக்கு வந்தார். 'காக்கா, வீடு பொம்புள வழியில போகாதெண்டா, மரைக்கார் பட்டமும் உம்மாட குடி வழியிலதானே ஒங்களுக்கு வந்த, அதையும் இதிலயே கழட்டி வெச்சிட்டுப் போங்க' என்றேன். பெரியவர் முகைதீன்பாவா, 'ஓம், தங்கச்சி கேக்கிறது ஞாயம்தான்' என்றார். வீடா பட்டமா என்று அடுத்த வெள்ளிக்குள் சொல்லும்படி தீர்ப்பு. காக்காவுக்குப் பட்டம்தான் உயிர்.

இன்று காலையில் மாமியிடம் திறப்பைக் கொடுத்தனுப்பியிருந்தார். நான் வாங்கவில்லை. நீ பெருநாளைக்கு வந்ததும், ஊர் பார்க்க அவரே நடந்து வந்து உன் கையில் தரவேண்டும், அதற்குச் சம்மதிக்காவிட்டால் வருகிற வெள்ளிக்கிழமை திரும்பவும் சிவப்பு உடுப்பேன் என்று சொல்லியனுப்பினேன். பாவமென்று இரங்கி அவருக்கு ஒன்றும் எழுதிவிடாதே. றஸியாவைக் கடைசியில் கொன்றுவிட்டார்களாம், அந்தப் பக்கங்களை ஊசிநூலால் தைத்து மூடிவிட்டேன்.

தலைக்கு எண்ணெய் வை, ரயிலில் தனியாக வராதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிமிர்ந்த தலையையும் தரட்டும். ஞாபகம் வைத்துக்கொள், திறப்பை வாங்கும்போது மாமாவுக்குச் சலாம் சொல், மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கு, சிரித்துவிடாதே. நான் பின்னால் நின்று சிரித்துக்கொள்வேன்.

உன் உம்மா
சபியா உம்மா