தேடிப் போகாத அம்மா

செவ்வாய், இரவு. கள்ளக்குறிச்சி.

எங்கள் அனிமேஷன் கதையில் ஓட்டை அடைபடவே இல்லை. கரியாலூர் காட்டுக்குள் ஒரு சிறுமி கரடிக்குட்டியின் பின்னால் போகிறாள். விடியும்வரை வீடு திரும்பவில்லை. அவள் அம்மா ஏன் தேடிப் போகவில்லை? எழுதிய எனக்கே தெரியவில்லை.

அம்மா வெளியூர் போயிருந்தாள் என்று சொல்லிப் பார்த்தேன். "பொண்ண தனியா வுட்டுட்டா?" என்றாள் படம் வரையும் நஸ்ரீன். காய்ச்சல் என்றேன். அதற்கும் சிரித்தாள். "பேசாம அம்மா செத்துட்டான்னு வெச்சுடு. ஓட்டையும் அடையும், வரையற வேலையும் கம்மி."

சரியான யோசனைதான். அதனாலேயே எரிச்சல் வந்தது. அந்த அம்மாவுக்கு இப்போதைக்குக் குரல் கொடுத்திருப்பது என் அம்மா.

சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "உன் வேஷத்த எடுத்துடப் போறோம்மா. பொண்ணு காணோம், நீ தேடவே இல்ல. அதான்."

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தேடலன்னு யாரு சொன்னா? நீ அந்தப் பொண்ணு பின்னாலயே போய்க்கினு இருந்தா, நான் தேடறது உனக்கு எப்படித் தெரியும்?"

சோற்றைப் பாதியில் விட்டு எழுத உட்கார்ந்தேன். காடு முழுக்க அம்மா கூப்பிடும் குரலைத் தூரத்தில் கேட்க வைத்தால் போதும், யாரையும் சாகடிக்க வேண்டாம். ஆனால் குரல் காதில் விழுந்தும் சிறுமி ஏன் திரும்பிப் பார்க்கவில்லை? நஸ்ரீன் அதைத்தான் முதலில் கேட்பாள்.

பக்கத்து அறையிலிருந்து அம்மா விளக்கை அணைக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். காதில் விழாதவள் போல எழுதிக்கொண்டிருக்கிறேன்.