ஒரு பையில் பன்னிரண்டு நாவல்கள்

1994 பெப்ரவரி 6, ஞாயிறு

பூசையால் வந்து சேலை மாற்றுமுன்பே அருளம்பலம் படலையில் நின்று இருமினார். வாசிகசாலைச் செயலாளர், தபாற்கந்தோரில் இருந்து இளைப்பாறியவர், இரண்டு கண்ணிலும் பூ விழுந்தவர். மே மாதம் கொழும்புக்குப் போய் வெட்டுவிக்கப் போகிறாராம். ஊரைவிட்டு வெளியே போகப் பாஸ் கிடைத்துவிட்டது. திரும்பும்போது வாசிகசாலைக்கு நாவல்கள் கொண்டு வருவார். கார்த்திகையில் ஷெல் விழுந்து ஓடு போன மூலையில்தான் நாவல் அலுமாரி நின்றது. மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது. சமய நூல்கள் தப்பிவிட்டன. யாரும் எடுப்பதில்லை என்று அவற்றை உள் அறையில் வைத்திருந்தார்கள்.

"ஒரு பைதான் மிஸிஸ் கிறகோரி. கிளாலியிலை வள்ளத்துக்குள்ளை மடியிலை வைச்சுக்கொண்டு வரவேணும். பன்ரண்டுக்கு மேலை ஏலாது. எது எதெண்டு நீங்கள்தான் சொல்லவேணும். கொம்மிற்றியிலை எல்லாரும் உங்கடை பேரைத்தான் சொன்னவை."

"எல்லாருமோ?"

"ஓம், எல்லாரும்."

யோசிப்பதுபோல் சற்று இருந்துவிட்டு ஒப்புக்கொண்டேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

பெப்ரவரி 8

நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தனுப்பினேன். இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் வந்து, சனங்கள் விரும்பி வாசித்தவையாக இருக்கவேண்டும். குடும்பக் கதை மட்டும் போதாது; எல்லா வகையும் வேண்டும். வீடுகளில் கிடக்கும் ஒற்றைப் பிரதிகளை எனக்கு இரவல் தரட்டும். தேறினால் வாசிகசாலைக்குப் புதுப் பிரதி. நான் வாசிக்காத எதுவும் பட்டியலில் ஏறாது.

என் முறை மடத்துப் பள்ளியில் மதர் பழக்கியது. இருபது பக்கம். அதற்குள் ஒரு மனிதராவது உயிரோடு எழும்பி வரவேண்டும். வராவிட்டால் மூடி வை. கடைசிப் பக்கத்தை முதலில் திறந்து பார்ப்பது களவு. எழுபத்தொரு வயதுவரை நான் அந்தக் களவைச் செய்ததில்லை.

பெப்ரவரி 12

முப்பத்தொரு புத்தகம் வந்துவிட்டது. ஒன்றில் மஞ்சள் கறை. ஒன்றுக்குள் தட்டையாய்க் காய்ந்த பல்லி.

பக்கத்து வளவு நல்லம்மா மட்டும் ஒன்பது தந்தாள். ஒன்பதும் கொலை. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். தொண்ணூறில் குருநகரை விட்டு இங்கே வந்தபோது அந்த வேலியில் ஆள் நுழையும் பொட்டு ஒன்று இருந்தது. இந்தப் பக்கத்தில் எல்லா வேலியிலும் இருக்கிறது, நெருப்பு வாங்கவும் ஊர்க்கதை கதைக்கவும். வந்த கிழமையே அதை அடைப்பித்தேன். ஆகவே அவள் ஒன்பது புத்தகத்தையும் கடகத்தில் வைத்து, முழங்கால் நோவோடு ஒழுங்கை சுற்றிப் படலையால் வந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன். பனங்கட்டியை மடியில் முடிந்துகொண்டு போனாள்.

பெப்ரவரி 19

பேய் நாவல் ஒன்று. பட்டப்பகலில், முருங்கைமரத்தடியில் கதிரை போட்டு வாசித்தேன். நாற்பதாம் பக்கத்தில் பேய் சமையலறைக்குள் வந்து மூடியிருந்த பானையைத் திறந்து பார்க்கிறது. ஏனோ எழும்பிப் போய் என் பானையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். தேறியது.

பெப்ரவரி 24

நல்லம்மாவின் கொலைகளில் முதலாவதைப் பதினோராம் பக்கத்தில் மூடினேன். ஒரு பிணம், மூன்று சிகரெட், ஒரு சிவப்புக் கார். மனிதர் இல்லை. மற்ற எட்டும் அதே எழுத்தாளர். ஒன்பதையும் தள்ளிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"முழுக்க வாசியாமல் எப்பிடியக்கா தள்ளுறியள்?"

"சோறு பதமோ எண்டு பார்க்கப் பானையை முழுக்கத் தின்ன வேணுமே?"

"இது சோறில்லை அக்கா. தோடம்பழம். தோலைக் கடிச்சுப்போட்டு கைக்குது எண்டு எறியிறியள்."

வாய் நீண்டவள். அவள் எந்தப் பள்ளியில் படித்தாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நல்லவேளை.

மார்ச் 2

கிடைத்துவிட்டது!

கிழமைப் புத்தகத்தில் வந்த தொடர்கதை. யாரோ அத்தியாயங்களை வெட்டி, ஒட்டி, நூல் போட்டுத் தைத்து, பழைய சேலைக் கரையால் முதுகு வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பெயர் 'இரண்டாம் கடிதம் வரும் வரை'. குடும்பக் கதைதான். இப்படியான மலிவான கதைக்குள் இப்படி ஒரு பெண்ணா? பவானி. புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. நான்கு வருடம் கழித்து ஒரு கடிதம் வருகிறது. உறையில் அவன் கையெழுத்துப்போல் இருக்கிறது, இல்லைப்போலும் இருக்கிறது. அவள் அதைத் திறக்காமல் ரயில் மேடையில் நிற்கிறாள். ரயில் வருகிறது. கதை முடிந்துவிட்டது!

கடிதத்தில் என்ன என்று சொல்லவே இல்லை. 'முற்றும்' என்ற சொல்லைக்கூடப் போடாத துணிவு. இதுதான் எழுத்து. கட்டியவர் மட்டும் பின்னால் ஆறு வெள்ளைத்தாளை வீணாக்கியிருக்கிறார், கடுதாசி கிடைக்காத இந்தக் காலத்தில்.

என் கணவர் இறந்த செய்தியோடு வந்த தந்தி ஒரு இரவு முழுக்க என் தலையணைக்குக் கீழ் கிடந்தது. மறுநாள் காலைதான் திறந்தேன். அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. இந்த எழுத்தாளருக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 13, ஞாயிறு

வாசிகசாலையில் கூட்டம், பதினான்கு பேர். இருபத்தைந்து நிமிடம் பேசினேன். பட்டியலின் முதல் இடம் பவானியின் கதைக்கு. முடிவைச் சொல்லாமல் விடுவது எத்தனை பெரிய கலை என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கட்டி முடிச்சுப் போட்டுத் தரும் எழுத்தாளர் வாசகரைச் சின்னப்பிள்ளையாக நினைக்கிறார் என்றேன். கைதட்டினார்கள். ஷெல் விழுந்த ஓட்டையால் வெயில் என் மேசையில் விழுந்தது. நல்ல நாள்.

நல்லம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொலைகளைத் தள்ளிய கோபம்.

மார்ச் 14

கோபம் இல்லை.

காலையில் ஒழுங்கை சுற்றி வந்து, வாழைக்காய் வதக்கல் ஒரு கிண்ணம் தந்து, கதிரையில் பாதி இருந்துகொண்டு சொன்னாள்:

"அக்கா, கோவியாதேங்கோ. அந்தக் கதை முடியேல்லை."

"என்ன?"

"அதைக் கட்டினது நான்தான். என்னட்டை இரவல் வாங்கின ஆரோ உங்களிட்டைத் தந்திருக்கினம். கொழும்பாலை கிழமைக்குக் கிழமை புத்தகம் வந்தது. தொண்ணூறு ஆனியிலை சண்டை துவங்கிப் பாதை பூட்டினதோடை நிண்டுபோச்சு. கடைசியா வந்தது அந்த ரயில். இன்னும் ஆறு அத்தியாயம் கிடக்கு எண்டு போட்டிருந்தவங்கள். வந்தால் சேர்த்து ஒட்டலாமெண்டுதான் வெள்ளைத்தாள் விட்டனான்."

"'தொடரும்' எண்டு ஒரு இடத்திலையும் இல்லையே!"

"அதை நான் கத்தரிக்கோலாலை வெட்டிப்போடுவன் அக்கா. கட்டின புத்தகத்திலை கிடந்தால் வடிவில்லை."

ஏன் நேற்றே சொல்லவில்லை? கேட்டேன். கத்தித்தான் கேட்டேன்.

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலையோ? உங்களையோ?"

என்ரை கடவுளே. இருபத்தைஞ்சு நிமிசம். கலை எண்டு சொன்னன். துணிவு எண்டு சொன்னன். மதர் இருந்திருந்தால் - வேண்டாம்.

மார்ச் 15

ஒன்றும் வாசிக்கவில்லை.

மார்ச் 20

நல்லம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவள் சொல்லமாட்டாள். பேசாமல் இருந்துவிடலாம், பதினான்கு பேரும் நான் சொன்னதை நம்பிக்கொண்டே இருக்கலாம். ஆனால் புதுப் பிரதி வந்ததும் ஆறு அத்தியாயம் கூடக் கிடக்குமே? அப்போது அச்சுக்காரரையா குறை சொல்வேன்?

அதுவல்ல என்னைக் குத்துவது. என்னை வெட்கப்படுத்தாமல் விட்டவளை, பதினோரு பக்கத்தோடு தள்ளிவிட்டேன்.

மார்ச் 27, குருத்தோலை ஞாயிறு

சொல்லிவிட்டேன். எழுந்து நின்று, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் குறைக்காமல்.

பிறகு அருளம்பலம்: "அப்ப நாங்கள் எல்லாரும் எழும்பிக் கைதட்டினது பாதை பூட்டினதுக்கே, மிஸிஸ் கிறகோரி!"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. மார்க்கண்டு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மரியாதைக்குச் சிரியாமல் இருந்தவள் நல்லம்மா ஒருத்திதான். கடைசியில் நானே சிரித்தபோதுதான் அவளும் சிரித்தாள்.

பட்டியலை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். "உங்களை ஆர் விடுறது?" என்றார்கள். அப்படியானால் முறையை மாற்றுகிறேன் என்றேன். எந்த வகையை யார் நேசித்து வாசிக்கிறாரோ அவர் எடுத்துத் தரட்டும். நான் கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டுத்தான் தள்ளுவேன்.

ஏப்ரல் 6

உயிர்த்த ஞாயிறு முடிய நல்லம்மாவின் ஒன்பதையும் திரும்ப வாங்கினேன். பதினோராம் பக்கத்துச் சிகரெட் மூன்றும் இருநூறாம் பக்கத்தில் காரணத்தோடு திரும்பி வந்தன. சிவப்புக் காரை ஓட்டியவர் டொக்டர் என்று நான் பந்தயம் பிடிக்கத் தயாராக இருந்தேன். இல்லை, அவருடைய மாமியார்! அந்த மாமியார் எட்டாம் பக்கத்திலேயே எழும்பி வந்து தேத்தண்ணி கொடுத்தவ. நான் கவனிக்கவில்லை.

வேலிக்கு அப்பால் இருந்து குரல்: "அக்கோய், கத்தரிக்காய் கருகுற மணம் உங்கடை குசினியிலையோ?"

கருகித்தான் போயிருந்தது.

ஏப்ரல் 17

மற்ற எட்டில் ஏழு வெறும் கார். அதை நல்லம்மாவே ஒப்புக்கொண்டாள். மாமியார் கதையும் மிச்சம் ஒன்றும் பட்டியலில் ஏறின.

அளவெட்டியிலிருந்து சைக்கிளில் வரும் சிவக்கொழுந்து காதல் கதை ஆறு தந்தாள். ஐந்தில் பெண் தண்ணீரில் விழுகிறாள், அவன் தூக்குகிறான். ஆறாவதில் அவன் விழுகிறான், அவள் தூக்குகிறாள். அதுதான் ஏறியது. வாத்தியாரின் சரித்திர நாவலில் போர் நூறு பக்கம். ஆனால் ராணி வரி கட்டமுடியாத கமக்காரனோடு பேசும் ஒரு அத்தியாயத்துக்காக எடுத்துக்கொண்டேன். சந்திரனில் பெட்டிக்கடை வைத்தவனைப் பற்றி ஒரு விஞ்ஞானக் கதை. சிரித்து வயிறு நொந்தது. எங்கடை ஆட்கள் எழுதியதும் ஒன்று இருக்கவேண்டும் என்று நானே பிடிவாதம் பிடித்தேன். இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் ஆட்டைப் பற்றியது. அழுகை குறைவு, ஆடு அதிகம். நல்ல நாவல்.

பவானி முதல் இடத்திலேயே இருக்கிறாள். முழுதாக வரட்டும்.

மே 8

பட்டியலை விரற்கடை உயர எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அருளம்பலம் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, "மணியோடர் போலைத் துலக்கமாக் கிடக்கு" என்றார். இன்று போகிறார். பத்திரமாய்ப் போய் வரட்டும்.

யூன் 19

வந்துவிட்டார்! தடித்த கண்ணாடியோடு. என்னைப் பார்த்த முதற் சொல்: "இவ்வளவு நரையோ உங்களுக்கு!"

பன்னிரண்டும் வந்தன. "தாண்டிக்குளத்திலை ஆமிக்காரன் ஒருத்தன் ஒவ்வொண்டா உதறிப் பார்த்தான். பேய்க்கதையின்ரை மட்டையைப் பார்த்திட்டு என்னையும் பார்த்துச் சிரிச்சான்" என்றார். மடியில் வைத்தே கொண்டுவந்திருக்கிறார். ஒன்றில்கூட ஈரமில்லை.

தெரிவு செய்தவருக்குத்தான் முதல் வாசிப்பு என்று பவானியை என் கையில் வைத்தார்கள். புது மையின் மணம். மதர் மேல் ஆணை, கடைசிப் பக்கத்தை நோக்கி என் விரல் போனது.

திறக்காமல் நல்லம்மாவிடம் நீட்டினேன். நான்கு வருடமாய் அந்த ரயில் மேடையில் நிற்பவள் அவள்.

யூன் 21

பக்கத்து வளவில் சத்தமில்லை. கோழிக்குத் தீன் போட மறந்துவிட்டாள் போலும். கோழிகள் என் முற்றத்தில்.

யூன் 23

ஒழுங்கை சுற்றி வந்தாள். புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு.

"முடிவைச் சொல்லாதை" என்றேன்.

"சொல்லேல்லை." புத்தகத்தைத் தலைப்பிலிருந்து எடுத்து என்னிடம் தந்தாள். "ஆனால் அக்கா, நீங்கள் இதை வாசியாதேங்கோ. நீங்கள் கூட்டத்திலை சொன்ன முடிவுதான் நல்லம்."

யூன் 26

முறை முறைதான். வாசித்தேன். கடிதம் அவனுடையதுதான். திரும்பி வருகிறான், வில்லன் திருந்துகிறான், தங்கச்சிக்கும் அதே பந்தலில் கலியாணம். எல்லாவற்றுக்கும் முடிச்சு.

நல்லம்மா சொன்னது சரி. அதை அவளிடமே சொன்னேன். ஆனாலும் கலியாணப் பந்தலில் நான் கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொன்னேன். "நானும்தான்" என்றாள்.

"வெள்ளைத்தாளுகளை என்ன செய்யிறது அக்கா? வெட்டி எடுத்தால் உங்கடை டயறிக்கு உதவும்."

"கிடக்கட்டும்" என்றேன். இரண்டு பிரதியும் அலுமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கட்டிய பிரதி இன்று இரவல் போய்விட்டது.

யூலை 2

வேலி அடைக்க ஏரம்பு வந்தான். பழைய கிடுகைப் பிடுங்கிக்கொண்டே வந்து நல்லம்மாவின் வளவுப் பக்க வேலியடியில் நின்று என்னிடம், "இதையும் சேர்த்து அடைக்கிறதோ அம்மா?" என்றான்.

"வேண்டாம்" என்றேன். "அதிலை ஒரு பொட்டு விடு. உயரமாய் விடு. முழங்கால் நோவுகாரி குனியாமல் வரவேணும், கையிலை புத்தகமும் இருக்கும்."