பூட்டிய கையைக் கேளுங்கள்

லக்சம்பர்க், வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம். ஜெயித்துவிட்டோம் அப்பா!

நம் துறைமுகத்துக் கயிற்றுக் கடை ஆர்விட்ஸின் பெயர் ஐக்கிய நாடுகள் சபையின் தடைப்பட்டியலில் வந்ததும், ஐரோப்பிய ஒன்றியம் காரணமே சொல்லாமல் அவர் வங்கிக் கணக்கை முடக்கியதல்லவா? நீதிமன்றம் இன்று அதை ரத்து செய்துவிட்டது.

போன முறை ஊருக்கு வந்தபோது என் கறுப்பு அங்கியை நம் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டது, வாதாடிய அன்றுதான் தெரிந்தது. நீதிமன்றத்தில் இரவல் வாங்கிய அங்கி காலில் தடுக்கியது. எதிர்த்தரப்பு வக்கீல் மார்ட்டன், "பாத்து வாங்கம்மா, தீர்ப்புக்கு முன்னாடியே விழுந்துடாதீங்க" என்று சிரித்தார்.

நீதிபதி கேட்டார்: "உலகமே எடுத்த முடிவை நாங்க மாத்தணுமா?"

"வேணாங்கய்யா. பட்டியல் அவங்களோடது, கணக்கைப் பூட்டுன கை நம்மளோடது. காரணம் சொல்லணும், அவர் பேச்சைக் கேக்கணும்னு நம்ம சட்டம் சொல்லுது. அந்தக் கையை மட்டும் கேளுங்க" என்றேன்.

கேட்டுவிட்டார்கள்! போனில் ஆர்விட்ஸ், "இனிமே என்னைக் கேக்காம பூட்ட முடியாதுல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

கறுப்பு ரொட்டியும் புகைபோட்ட மீனும் அனுப்புங்கள். இங்கே கிடைப்பது வாயில் வைக்க விளங்கவில்லை. அங்கியை மட்டும் அனுப்பாதீர்கள், கதவுக்குப் பின்னாலேயே தொங்கட்டும். அதை எடுக்கவாவது நான் வர வேண்டாமா?

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் சர்மிதே