வாசல் கதவில் ஒரு சுருள் எழுத்து

காலையில் வாசல் கதவுக்கு வர்ணம் அடித்தார்கள். வீடு முழுக்க பெயின்ட் வாசனை. கழற்றிய உங்கள் பெயர்ப்பலகையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தார்கள். "திரும்ப மாட்ட வேணாம்மா. கூரியர்காரன் இன்னும் அப்பாவைத்தான் கேக்கறான், நீதானே கஷ்டப்படறே" என்றான் நம் பையன். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பலகையைத் துடைத்தேன். அந்த ஆங்கில எழுத்துகளுக்குத்தான் என்ன ஜம்பம்! ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து, நுனிக்கு நுனி சிறு பட்டை, இடம் கிடைத்த பக்கமெல்லாம் ஒரு சுருள். பழைய தேயிலை டப்பாக்களில் இருக்குமே, அந்த ஜாதி. பாங்கிலிருந்து ஓய்வு பெற்றபின் கம்ப்யூட்டரில் அதைக் கண்டுபிடித்தீர்கள். "நுனியில இருக்கு பாரு, அதுக்குப் பேர் செரிஃப்" என்று என் காபி ஆறும்வரை விடவில்லை.

அப்புறம் உங்களைப் பிடிக்க முடிந்ததா? ஊறுகாய் பாட்டிலுக்குக்கூட அந்த எழுத்துதான். இந்த டாக்குரியா குடியிருப்புக்கு நீங்கள் செயலாளரான வருஷம், தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பையும் அதிலேயே அச்சடித்து, சுற்றிலும் பூங்கொடி வரைந்து மாடிப்படியில் ஒட்டினீர்கள். எல்லாரும் ரசித்தார்கள். ஒருவர்கூடப் படிக்கவில்லை. மேல் வீட்டு வங்காளி அண்ணி, நம் பௌதி, என்னிடம் வந்து, யார் வீட்டுக் கல்யாணம் என்று ஆசையாக விசாரித்தாள். மறுநாள் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்றாம் மாடிக்காரர் தலை நிறைய ஷாம்பூ நுரையோடு நம் வாசலில் நின்று, "ஜோல் கொய், தாதா?" என்று தண்ணீர் கேட்டார். நான் சமையலறைக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அன்று சாயங்காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு சட்டம் போட்டீர்கள். "உடனே தெரிஞ்சாகணும்னா சாதா எழுத்துதான். இது நின்னு பாக்கறதுக்கு மட்டும். ஒண்ணு ரெண்டு வார்த்தை, பெருசா, சுத்தி இடம் விட்டு." கல்யாணப் பத்திரிகையில் பெண், மாப்பிள்ளை பெயருக்குச் சரி, முகூர்த்த நேரத்துக்குக் கூடாது. பூஜை ஆண்டு மலரின் அட்டைக்குச் சரி, உள்ளே கூடாது. அதன்படி பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் இந்தப் பலகை. "உன் பேரும் போடட்டுமா?" என்று கேட்டீர்கள். "எனக்கு யாரு கூரியர் அனுப்பப் போறா?" என்றேன்.

நீங்கள் போன பிறகு எல்லாம் எனக்குத்தான் வருகிறது. பென்ஷன் கடிதம், மின்சார பில், பேரன் அனுப்புகிற பொட்டலம்.

மாலையில் பையனோடு கரியாஹாட் கடைக்குப் பலகையை எடுத்துப் போனேன். உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். இரண்டுக்கும் ஒரே எழுத்தா என்று கேட்டார் கடைக்காரர். இல்லை என்றேன். என் பெயர் சாதா எழுத்தில், பளிச்சென்று. இந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று வருகிறவர்களுக்கு உடனே தெரிய வேண்டும். உங்கள் பெயர் அதன் சுருளோடு அப்படியே இருக்கட்டும். இனி அதைப் படித்து உங்களைத் தேடி யாரும் வரப்போவதில்லை. நான்தான், பூட்டைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்சம் நின்று பார்ப்பேன்.