கடல் உன் கல்லறைக்கு வந்துவிட்டது, அண்ணே

கூப்பிட்டால் "என்னட்டி" என்று திரும்பிப் பார்க்கும் என் முருகேசண்ணனுக்கு,

போன மாதம் உன் தீவிலிருந்து லோசாக்கா நம் வீட்டுக்கு வந்துபோனார். நீ போனில் பேசும்போது பின்னால் ஒரு பெண் சிரிக்கிற சத்தம் கேட்குமே, உன்னோடு குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்தவர், அவரேதான்.

பசிபிக் தீவு நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு நம் அரசாங்கம் சென்னையில் ஒரு பயிற்சி நடத்துகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கிற பயிற்சி. அதற்கு வந்தவர் லீவு கேட்டு ரயிலேறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து இறங்கினார். ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் பெயர்கூடக் கேட்கவில்லை. வந்து கட்டிக்கொண்டார். உன் மூக்கு அப்படியே எனக்கும் இருக்கிறதாம்.

சுந்தரபாண்டியம் போகிற ஆட்டோவில் அவர் மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். நீ சொன்னதை அவர் நம்பவில்லையாம். காலையில் கண் விழித்தால் மேற்கே முழுக்க மலைதான் தெரியும் என்று நீ சொன்னபோது, ஊர் ஞாபகத்தில் கூட்டிச் சொல்கிறாய் என்று நினைத்தாராம். உன் தீவில் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் மேடான இடம் அபூர்வம் என்று நீ சொன்னபோது நாங்கள் மட்டும் நம்பினோமா?

உனக்குத் தெரிந்ததை இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கொரோனாவுக்குப் பயந்து அந்த நாடு தன் எல்லையை மூடியிருந்த சமயத்தில், அங்கே குடிநீர் இயந்திரம் பூட்டப் போயிருந்த என் அண்ணனுக்குக் குடல்வால் வெடித்தது. ஆபரேஷன் செய்ய வசதியுள்ள பெரிய தீவுக்குப் படகில் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. உடலை அனுப்ப விமானம் இல்லை. நம் வழக்கப்படி எரித்திருக்க வேண்டியவனை அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கல்லறை வரிசையில், கடலோரமாக அடக்கம் செய்தார்கள். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் என் செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்து அதைப் பார்த்தோம். பாதியில் படம் அசையாமல் நின்றுவிட்டது. அவர்கள் பாடுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

லோசாக்கா கொண்டுவந்த சேதிக்கு வருகிறேன். கடல் உன்னிடம் வந்துவிட்டது, அண்ணே. கரையோரத்து முதல் வரிசைக் கல்லறைகளில் சில சரிந்துவிட்டன. நீ இருப்பது அடுத்த வரிசை.

தடுப்புச் சுவர் இல்லாமல் இல்லை. படகுத்துறைப் பக்கமிருந்து ஒரு நாடு கான்கிரீட் சுவர் கட்டிக் கொடுத்தது. மறுமுனையிலிருந்து இன்னொரு நாடு மணல்மூட்டை அடுக்கிக்கொண்டு வந்தது. இரண்டும் வந்து சேர வேண்டிய இடம் கல்லறைத் தோட்டம். அந்த இடைவெளி யார் பொறுப்பு என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பெரிய அலை வருகிற நாட்களில் தண்ணீர் அதன் வழியாகத்தான் உள்ளே வருகிறது. சர்வே எடுக்க வருகிற குழுக்களில் உங்கள் கல்லறைகளைப் படம் பிடிக்காமல் போனவர்கள் யாரும் இல்லையாம். "படம் ரொம்ப நன்றாக வருகிறது என்பார்கள்" என்று சொல்லிவிட்டு லோசாக்கா தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு அவர் சிரிக்கவே இல்லை.

நீயும் இந்த மாதிரி சொல்லியிருக்கிறாய். இயந்திரம் நம் நாடு கொடுத்தது, சோலார் பேனல் ஒரு நாடு, தொட்டிகள் வேறொரு நாடு. ஒன்றின் குழாய் இன்னொன்றில் சேராது. சேர்த்து வைப்பதுதான் உன் வேலையாக இருந்தது. "குடுக்கிறவன் எல்லாரும் நல்ல மனசோடதான் குடுக்கான். குடுக்கிறதுக்கு முன்னால ஒருத்தனுக்கொருத்தன் ஒரு போன் போட்டா என்னட்டி?" என்று கேட்டாய். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

ஊரார் கூடி எல்லாக் கல்லறைகளையும் தீவின் நடுவுக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மாற்ற முடிவு செய்திருக்கிறார்கள். உன்னை என்ன செய்வது என்பதில்தான் அவர்கள் தயங்கி நிற்கிறார்கள். நீ வேறு ஊர்ப் பிள்ளை. வீட்டாரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இதைப் போனில் கேட்கக்கூடாது என்றுதான் லோசாக்கா நேரில் வந்தார்.

அப்பா உடனே சொல்லிவிட்டார். பட்டாளத்தில் இருந்தவருக்கு யோசிக்க நேரம் எதற்கு? எலும்பை எடுத்து அனுப்பட்டும், இங்கே எரித்து ராமேசுவரத்தில் கரைத்துவிடலாம் என்றார். லோசாக்கா மறுக்கவில்லை. அப்படியே செய்யலாம், அனுப்பிவைக்கிறது எங்கள் பொறுப்பு என்றார். அவர் சொன்னதை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா சுளகில் இருந்த உளுந்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறவுதான் வாய் திறந்தாள்.

"இவிய தண்ணி இப்ப எப்படி இருக்குன்னு கேளுட்டி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது தண்ணீரையா கேட்பது? ஆனால் லோசாக்காவுக்கு அந்தக் கேள்வி புரிந்தது. நாற்காலியிலிருந்து இறங்கி அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். நீ பூட்டிய இயந்திரம் இன்றும் ஓடுகிறது, பாதித் திறனில். வடிகட்டிச் சவ்வு மாற்ற வேண்டும், அதற்கு இயந்திரம் கொடுத்த நம் நாட்டின் ஒப்புதலும் கப்பலும் ஒன்றாக வர வேண்டும். கிணறுகள் உப்பாகிவிட்டன. கிழங்கு போடுகிற குழிகளிலும் உப்பு ஏறிவிட்டது. அந்த இயந்திரம் இல்லையென்றால் வறட்சி மாதங்களில் அந்த ஊரில் பிள்ளைகளை வைத்திருக்க முடியாது என்றார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, பக்கத்தில் உள்ள பெரிய நாடு ஒன்று அவர்களுக்குக் குடியேற அனுமதி கொடுக்கிறது என்பதையும், தன் மூத்த மகன் அதற்கு எழுதிப் போட்டிருக்கிறான் என்பதையும் சொன்னார்.

"நீங்க அம்புட்டு பேரும் போயிட்டா, எம்பிள்ளை அங்க யாரோட இருப்பான்?" என்று அம்மா கேட்டாள்.

அதையும் இங்கிலீஷில் சொன்னேன்.  லோசாக்கா, "என் வீட்டுக்காரரும் அங்கேதான் இருக்கிறார், அம்மா. எனக்கும் தெரியவில்லை" என்றார். அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஒன்றும் முடிவாகவில்லை. மறுநாள் திங்கட்கிழமை நான் லோசாக்காவை ராஜபாளையத்துக்குக் கூட்டிப்போனேன். மில்லில் சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்கிற பிளாண்டில்தான் இன்னமும் இருக்கிறேன், தெரியுமா? உன் இயந்திரத்துக்குச் சொந்தக்கார இயந்திரம்தான். ஸ்டோரில் சவ்வுக் குழாய்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. லோசாக்கா அதில் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். போன் போட்டால் மதுரையிலிருந்து மத்தியானத்துக்குள் வேன் வந்துவிடும் என்றேன். சொன்ன பிறகு எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. துணிக்குச் சாயம் போட்ட தண்ணீருக்கு இது. குடிக்கிற தண்ணீருக்கு அவர்கள் கப்பல் பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

அண்ணே, டிவியில் உலக நாடுகள் கூடிப் பேசுகிற மாநாடு ஏதாவது வந்தால் நான் சேனலை மாற்றுவதில்லை. உன் தீவின் பெயரை யாராவது சொல்வார்களா என்று பார்ப்பேன். கைகுலுக்குகிறார்கள். வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கைகளில் ஒரு கைதானே உன்னை அங்கே அனுப்பியது? அது நல்ல காரியம் என்று நம்பித்தானே நீ போனாய்? நானும் நம்பினேன். இப்போதும் அது தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. நீ போனதால் பிள்ளைகள் நல்ல தண்ணீர் குடிக்கிறார்கள். ஆனால் குடித்துவிட்டு அவர்கள் எங்கே நிற்பார்கள்?

சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். லோசாக்காவுக்கு நேராக, பட்டாளத்தில் பழகிய இங்கிலீஷில் பேசினார். பையன் அங்கேயே இருக்கட்டும், உங்கள் ஆட்களோடு சேர்த்தே அவனையும் மாற்றுங்கள் என்றார். ராத்திரியெல்லாம் அம்மாவும் அவரும் பேசியிருப்பார்கள் போல. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மொதத் தடவ தூக்கும்போது நம்ம ஆளு யாரும் இல்ல. இந்தத் தடவ ஒருத்தராவது நிக்கணும்ட்டி. எனக்கு இந்த இருதயத்தை வச்சுக்கிட்டு அம்புட்டு தூரம் முடியாது."

"நான் போறேன்ப்பா" என்றேன். கல்யாணம் ஆகாத பொம்பளப்பிள்ளை தனியாக அவ்வளவு தூரமா என்று அத்தை ஒருத்தி மட்டும் இழுத்தாள். அம்மா அவளைப் பார்த்த பார்வையில் அவள் பேச்சை விட்டுவிட்டாள். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் வந்து விசாரித்துப் போய்விட்டது. மில்லில் லீவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் வருகிற வரைக்கும் உன்னைத் தொடமாட்டோம் என்று லோசாக்கா வாக்குக் கொடுத்திருக்கிறார். கடலும் அப்படி ஒரு வாக்குக் கொடுத்தால் நிம்மதியாகத் தூங்குவேன். தீவில் பெரிய அலை வருகிற காற்றுக் காலம் தொடங்கிவிட்டது என்று நேற்று அவர் அனுப்பிய செய்தியில் இருந்தது.

வந்துகொண்டிருக்கிறேன், அண்ணே. உன்னை எடுக்கும்போது முதல் கை என்னுடையதாக இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், லோசாக்காவின் வீட்டுக்காரருக்குப் பக்கத்திலேயே உன்னை வைப்பேன். அந்த இடம் எத்தனை காலத்துக்கு என்று மட்டும் என்னைக் கேட்காதே.

உன்கூடப் பிறந்தவள்,
பேச்சி
சுந்தரபாண்டியம்