நாமமாகிப்போன அம்புக்குறி

முதலில் மன்னித்துவிடு. நீ எதிரே உட்கார்ந்திருந்த நாட்களில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள், நீ போன பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவியும் விரலில் மஞ்சள் வாசனை போகவில்லை. சமயநல்லூர்ப் பக்கம் கண்மாய்க்கரையில் நிற்கும் நம் கல்லை இன்று தொட்டுவிட்டு வந்தேன்.

கல்லூரிக் கடைசி வருடம், வெள்ளைக்காரர் காலத்து மிச்சங்களைத் தேடி உன் ஸ்கூட்டியில் அலைந்தபோது கிடைத்த கல். தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நீ, செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாய். மஞ்சளுக்கு அடியில் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சேர்ந்தன. நிலம் அளந்த வெள்ளைக்காரர்கள் வெட்டிய அம்புக்குறி. ஆனால் மேலே பார்க்க வேண்டிய முனை மண்ணைப் பார்த்தது.

எண்ணெய் விட வந்த அக்காதான் காரணம் சொன்னார். "முன்னாடி நாமம் கவுந்து கெடந்துச்சாம்மா. பெருமாளு தலைகீழா நின்னா ஊரு வெளங்குமா? எங்க மாமனாரும் நாலு பேருமாத் தோண்டித் திருப்பி நட்டுப்புட்டாக."

நீ சிரித்துச் சிரித்துக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். "எம்புட்டுத் தைரியம் பாருடி. ஊரை அளந்தவனுக்கே நாமம் போட்டுட்டாக." அக்காவுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. வில்லாபுரத்தில் உன் வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே வரத் தெரியாமல் நின்றேன்.

இப்போது நான் பழஞ்சின்னங்களைக் கணக்கெடுக்கும் அலுவலகத்தில் ஒப்பந்த உதவியாளர். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரிக்குக் கிடைத்த முதல் வேலை. நம் கல்லைப் பெயர்த்து, மஞ்சளைச் சுரண்டி, அலுவலகப் புல்தரையில் நிமிர்த்தி நட வேண்டும் என்பது அதிகாரியின் முடிவு. ஊர்க்காரர்கள் கல்லைப் பாழாக்குகிறார்கள் என்று நான் அறிக்கை தர வேண்டுமாம். இன்று அவரும் நானும் ஆட்களுமாகக் கடப்பாரையோடு போனோம்.

அதே அக்கா குறுக்கே வந்து நின்றார். "பெருமாளைப் புல்லுல நட்டா யாரு சார் வெளக்குப் போடுவா? நீங்க போடுவீகளா?"

"இது சாமி இல்லம்மா. நிலம் அளக்குற கல்லு" என்றார் அதிகாரி.

"அளந்தவுக போயி எம்புட்டுக் காலமாச்சு. நாங்க இங்கனதான இருக்கோம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "படிச்ச பொண்ணு நீ. எடுத்துச் சொல்லும்மா."

"எடுக்கக் கூடாது சார்" என்றேன். "வெள்ளைக்காரன் நட்டது ஒரு வரலாறு. இவுக திருப்பி நட்டது இன்னொரு வரலாறு. நிமிர்த்துனா ரெண்டாவது அழிஞ்சுபோகும்."

அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எழுத்துல குடுப்பியா? ஒன் ஒப்பந்தம் முடியப் போகுது, ஞாபகம் இருக்கா?"

"குடுக்குறேன் சார்."

கடப்பாரை வண்டிக்குத் திரும்பியது, இன்றைக்கு மட்டும். அக்கா என் விரலைப் பிடித்துக் கல்லில் வைத்து அழுத்தினார்.

"அவரு சொல்றதை எழுதிக் குடுத்துட்டு வேலையக் காப்பாத்திக்க தாயி. நமக்கெதுக்கு வம்பு" என்கிறார் அப்பா. அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பொய் அறிக்கையில் என் கையெழுத்து விழாது. வேலை போனால் போகட்டும். நாளை அவர்கள் மறுபடி போனால் நானும் போவேன்.

மறுப்பு அறிக்கையை எழுதி முடித்துவிட்டேன். கண்டறிந்தவர்கள் என்ற இடத்தில், கல்லூரியில் கை பழகியபடி உன் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் எழுதினேன். எழுதியதும் நெஞ்சு லேசானது. உன் பெயருக்குப் பின்னால் யார் கண்ணுக்கும் நான் தெரியமாட்டேன் என்ற நிம்மதி அது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

இவ்வளவும் எழுதியது இதைக் கேட்கத்தான். உன் பெயரை அடித்துவிடட்டுமா? இந்த ஒரு தாளில் என் பெயர் தனியாக நிற்கட்டும்.